ஜி.சி. கருவியில் கேரியர் வாயுவின் பாய்வை முடிவு செய்வது எப்படி?

கேஸ் குரோமட்டோகிராபி, சுருக்கமாக ஜி.சி., கருவியில் ஆவியான மாதிரியைக் கேரியர் வாயு 'நிரல்' என்ற நீண்ட மெல்லிய குழாய் வழியே சுமந்துபோகும்; பிரிந்து வரும் ஒவ்வொரு பொருளையும் மறுமுனையில் டிடெக்டர் உணர்ந்து ஒரு பீக்காக, அதாவது ஒரு முகடாக, வரையும். அந்தக் கருவியின் முன் முதன்முறையாக உட்காருபவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பாய்வு எவ்வளவு வைப்பது?" பக்கத்தில் இருப்பவர் "நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வையுங்கள்" என்பார். பல நேரங்களில் அது சரியாகவும் அமைந்துவிடும். ஆனால் ஏன் சரியாக அமைந்தது என்று தெரியாவிட்டால், நிரலையோ வாயுவையோ டிடெக்டரையோ மாற்றும் நாளில் அதே ஒரு மில்லிலிட்டர் தவறாகிப் போனதும் தெரியாது. பீக்குகள் அகலமாகும், இரண்டு பீக்குகள் ஒட்டிக்கொள்ளும்; பழியை மாதிரியின் மீதோ நிரலின் மீதோ போட்டுவிட்டு ஒரு வாரத்தை இழப்போம். அந்த ஒரு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. ஆய்வகத்தில் எல்லோரும் 'கேப்பிலரி காலம்' என்றே சொல்கிறோம். எழுத்தில் அது நேரத்தைக் குறிக்கும் காலத்தோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே 'நிரல்' என்று எழுதுகிறேன். நிரலின் உட்சுவரில் பூசிய மெல்லிய படலமான உட்பூச்சில் கொஞ்சமும் தங்காத ஒரு பொருள் உள்ளே நுழைந்து வெளியே வர எடுக்கும் நேரத்தை 'வெற்று நேரம்' என்கிறேன். இந்த வெற்று நேரம்தான் கட்டுரை முழுவதும் நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது?

கேப்பிலரி நிரல் பொருத்திய கருவியில், நிரலுக்குள் எத்தனை மில்லிலிட்டர் ஓடுகிறது என்பதை எந்த மீட்டரும் நேரடியாக அளப்பதில்லை. கருவி அளப்பது நிரலின் தலைப்பில், அதாவது வாயு நுழையும் முனையில், இருக்கும் அழுத்தத்தை மட்டுமே. நிரலின் நீளம், உள்விட்டம், வாயுவின் பெயர், நிரல் இருக்கும் ஓவனின் வெப்பநிலை, நிரலின் மறுமுனை திறந்த காற்றில் இருக்கிறதா வெற்றிடத்தில் இருக்கிறதா என்ற விவரம், இவற்றையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு, "இந்த அழுத்தத்துக்கு இவ்வளவு பாய்வு இருக்க வேண்டும்" என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. ஓவன் வெப்பநிலை தவிர மற்றவை எல்லாம் யாரோ தட்டச்சு செய்தவை. அதில் ஒன்று தவறினாலும் திரை எந்தத் தயக்கமும் இல்லாமல் பொய்யைக் காட்டும்.

பாய்வு உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே விட்டத்தில் செய்யும் பிழை மிகப் பெரிதாகும். நான் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, 0.32 மி.மீ. நிரலைக் கழற்றிவிட்டு 0.25 மி.மீ. நிரலைப் பொருத்தினேன்; கருவியின் அமைப்பில் 0.32 என்று இருந்ததை மாற்றவில்லை. திரை 1.5 மி.லி. என்று காட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே உண்மையில் ஓடியது சுமார் 0.56 மி.லி. பீக்குகள் மிகத் தாமதமாக வந்தன. அதைவிடக் குழப்பியது, அவை பாதிக்கும் கீழாகச் சிறுத்துப்போனதுதான். ஸ்பிளிட் விகிதம், அதாவது வெளியே விடும் வாயுவுக்கும் நிரலுக்குள் போகும் வாயுவுக்கும் உள்ள விகிதம், 50-க்கு 1 என்று வைத்திருந்தேன். கருவி 1.5 மி.லி.க்கு ஏற்ப 75 மி.லி.யை வெளியேற்றிக்கொண்டிருந்தது. நிரலுக்குள் போனதோ 0.56 மட்டும் என்பதால் உண்மை விகிதம் கிட்டத்தட்ட 134-க்கு 1 ஆகிவிட்டது. ஊசியை மாற்றினேன், மாதிரி ஆவியாகும் கண்ணாடிக் குழலான லைனரை மாற்றினேன், மாதிரியைப் புதிதாகத் தயாரித்தேன். மூன்றாம் நாள் வெற்று நேரத்தை அளந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஓவன் 100 டிகிரி செல்சியஸில் இருக்க, 1.7 நிமிடம் வந்திருக்க வேண்டிய இடத்தில் 2.8 நிமிடம் வந்தது.

முதல் படி: நிரலின் அளவுகளைச் சரியாக எழுதுங்கள்

நிரல் சுற்றியிருக்கும் வளையத்தில் ஓர் அட்டை தொங்கும். அதில் மூன்று எண்கள் இருக்கும்: நீளம், உள்விட்டம், உட்பூச்சின் தடிமன். இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டுக்கு 30 மீட்டர், 0.25 மி.மீ., 0.25 மைக்ரோமீட்டர் நிரலை எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது அதுதான். மூன்று எண்களையும் கருவியில் பதியுங்கள். நிரல் பழையது என்றால், பராமரிப்பின்போது முனையை வெட்டி வெட்டி நீளம் குறைந்திருக்கும். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் எத்தனை சென்டிமீட்டர் என்று அட்டையிலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரு மீட்டர் குறைந்துவிட்ட நிரலுக்கு 30 என்று போட்டால் கணக்கும் அந்த அளவுக்குத் தவறும்.

இரண்டாம் படி: பாய்வை அல்ல, வேகத்தை யோசியுங்கள்

பிரித்தலின் தரத்தைத் தீர்மானிப்பது நிரலுக்குள் வாயு நகரும் சராசரி வேகம். அது வினாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லப்படும். 1956-இல் வான் டீம்டர், சூய்டர்வெக், கிளிங்கன்பெர்க் மூவரும், வேகத்துக்கும் பீக் அகலத்துக்கும் உள்ள உறவை ஒரு சமன்பாடாக எழுதினார்கள். அது நெருக்கமாகத் துகள் நிரப்பிய நிரலுக்கானது. உள்ளே துகள் இல்லாத கேப்பிலரி நிரலுக்கு 1958-இல் கோலே அதை மாற்றி எழுதினார். துகள்களுக்கிடையே பல பாதைகளில் சிதறுவதால் வரும் பகுதி அதில் காணாமல் போனது.

மிச்சமிருப்பவை இரண்டு. வாயு மிக மெதுவாகப் போனால், பொருளின் மூலக்கூறுகள் நிரலுக்குள் முன்னும் பின்னும் தாமாகவே பரவிவிடுகின்றன. அசையாத தண்ணீரில் விட்ட மைத்துளி பரவுவது போல. வாயு மிக வேகமாகப் போனால், வாயுவில் இருக்கும் மூலக்கூறு உட்பூச்சுக்குள் போய்வர நேரம் போதாமல், சில முந்திக்கொள்கின்றன, சில பின்தங்குகின்றன. இரண்டு பக்கமும் பீக் அகலமாகிறது. இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் அடிதான் உகந்த வேகம்.

இந்த வளைவின் இரண்டு பக்கங்களும் ஒரே மாதிரி இல்லை. இடப்பக்கம், அதாவது மெதுவான பக்கம், செங்குத்தாக ஏறும். வலப்பக்கம் சரிவாக ஏறும். அதனால் உகந்த வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவதில் இழப்பு சிறிது; மெதுவாக ஓட்டினால் நேரமும் போகிறது, பிரிதிறனும் போகிறது. சந்தேகம் வந்தால் வேகத்தின் பக்கம் சாயுங்கள். புதியவர்கள் பலர் "மெதுவாக விட்டால் நன்றாகப் பிரியும்" என்று நம்புகிறார்கள். ஓர் எல்லை வரைதான் அது உண்மை. அந்த எல்லைக்குக் கீழே அது நேர்மாறாகிவிடும்.

மூன்றாம் படி: வாயு

மூன்று வாயுக்கள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கின்றன. நைட்ரஜனின் உகந்த வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 12 செ.மீ. ஹீலியத்துக்கு 20 முதல் 30. ஹைட்ரஜனுக்கு 35 முதல் 50 வரை. நைட்ரஜனின் பள்ளம் மிகக் குறுகியது. அடியில் மட்டும் பார்த்தால் மூன்றிலும் அதுதான் கூர்மையான பீக்கைத் தரும். ஆனால் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாலும் உடனே கெட்டுப்போகும். ஹைட்ரஜனின் பள்ளம் அகலமான தட்டு மாதிரி. வேகத்தைக் கூட்டினாலும் பிரிதிறன் அவ்வளவாகக் குறைவதில்லை. ஹீலியம் நடுவில் நிற்கிறது.

ஹீலியம் தட்டுப்பாடும் விலையும் பல ஆய்வகங்களை ஹைட்ரஜன் பக்கம் தள்ளுகின்றன. போகலாம், நல்ல முடிவுதான். ஆனால் காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும் கலவை. ஓவனுக்குள் நிரல் முறிந்தால் வாயு அங்கேயே சேரும். ஸ்பிளிட் வாய், செப்டம் பர்ஜ் வாய் (ஊசி குத்தும் ரப்பர் மூடியான செப்டத்தின் அடியைக் கழுவிச் செல்லும் வாயு வெளியேறும் இடம்) இரண்டையும் வெளியேற்றக் குழாயில் இணைக்காமல், ஓவனில் ஹைட்ரஜன் உணரி இல்லாமல், கசிவு சோதிக்காமல் ஹைட்ரஜனைத் திறக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மூலக்கூறின் நிறையை அளக்கும் டிடெக்டரான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இணைத்த கருவியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வெற்றிடப் பம்பு நின்றிருக்கும்போது ஹைட்ரஜன் ஓடினால் அது கருவிக்குள் தேங்கிவிடும். பம்பை நிறுத்துவதற்கு முன் வாயுவை மூடுங்கள்.

எந்த வாயுவானாலும் 99.999 விழுக்காடு தூய்மை தேவை. வழியில் ஆக்சிஜனையும் ஈரத்தையும் பிடிக்கும் வடிகட்டிகள் வேண்டும். ஆக்சிஜன் உட்பூச்சைச் சூட்டில் அரித்துவிடும். வாயு ஓடாத நிலையில் ஓவனைச் சூடாக்கினால் நிரல் ஒரே நாளில் பாழாகும்.

நான்காம் படி: தொடக்க எண்

இப்போது தட்டச்சு செய்யலாம். 0.25 மி.மீ. நிரலில் ஹீலியம் என்றால் நிமிடத்துக்கு 1.0 முதல் 1.4 மி.லி. வரை எதுவும் நல்ல தொடக்கம். ஹைட்ரஜனுக்கு 1.3 முதல் 1.8. நைட்ரஜனுக்கு 0.35 முதல் 0.5 வரை, இதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம், மெதுவான வாயு அது.

விட்டம் மாறினால்? உகந்த பாய்வு விட்டத்தின் விகிதத்தில் கூடும். ஹீலியத்துக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி 5.6-ஆல் பெருக்கினால் அதிகப் பிரிதிறன் தரும் பாய்வு கிட்டத்தட்டக் கிடைக்கும். 0.18-க்கு 1.0, 0.25-க்கு 1.4, 0.32-க்கு 1.8; 0.53-க்கு 3.0. 8-ஆல் பெருக்கினால், பிரிதிறனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தும் பாய்வு கிடைக்கும், 0.25 மி.மீ.க்கு அது 2 மி.லி. உட்பூச்சு தடிமனான நிரல்களில் இந்த எண்களைவிடக் குறைவாகத் தொடங்குவது நல்லது. பூச்சுக்குள் போய்வர மூலக்கூறுக்கு அதிக நேரம் தேவைப்படும். துகள் நிரப்பிய 2 மி.மீ. நிரல் வேறு உலகம், அங்கே 20 முதல் 30 மி.லி.

எடுத்துக்காட்டு நிரலில் ஹீலியத்தை 1.0 மி.லி. என்று வைத்து, ஓவனை 100 டிகிரியில் நிறுத்தினால், மறுமுனை திறந்த காற்றில் இருக்கும்போது தலைப்பு அழுத்தம் காற்றழுத்தத்துக்கு மேல் சுமார் 100 கிலோபாஸ்கல் வரும். சராசரி வேகம் வினாடிக்கு 27 செ.மீ., வெற்று நேரம் 1.83 நிமிடம். ஹைட்ரஜனில் அதே 1.0 மி.லி.க்கு அழுத்தம் ஏறக்குறைய 53 கிலோபாஸ்கல்தான். அதன் பிசுபிசுப்பு ஹீலியத்தின் பாதிக்கும் குறைவு.

இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. இந்த நிரலின் உட்கொள்ளளவு 1.47 மி.லி. அதை 1.83 நிமிடத்தால் வகுத்தால் 0.8 மி.லி. வருகிறது. திரை 1.0 என்கிறது. எது சரி? இரண்டுமே சரி. நிரலுக்குள் வாயு அழுத்தத்தில் சுருங்கியும் சூட்டில் விரிந்தும் இருக்கிறது. திரை காட்டும் 1.0 என்பது அந்த வாயுவை ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கும் 25 டிகிரிக்கும் கொண்டுவந்து அளந்தால் கிடைக்கும் அளவு. சில கருவிகள் 25-க்குப் பதில் 0 டிகிரியை அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆய்வகங்களின் "1.0 மி.லி." ஒன்றாக இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். வேகத்தையும் வெற்று நேரத்தையும் எழுதிவைத்தால் இந்தச் சண்டையே வராது.

ஐந்தாம் படி: மீத்தேனை விட்டு அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். தயவுசெய்து தாண்ட வேண்டாம்.

சுடர் அயனியாக்க டிடெக்டர், அதாவது எஃப்.ஐ.டி., இருந்தால் மீத்தேன் போதும். மீத்தேன் இல்லையென்றால் சிகரெட் லைட்டரின் பியூட்டேனும் பயன்படும். ஓவன் 100 டிகிரியில் இருந்தால் மெல்லிய பூச்சில் அது மிகச் சொற்பமாகவே தங்கும். வாயு ஊசியில் சில மைக்ரோலிட்டர் எடுத்து, ஸ்பிளிட் முறையில், வெப்பநிலையை ஏற்றாமல் ஒரே நிலையில் வைத்துச் செலுத்துங்கள். கூர்மையான ஒற்றைப் பீக் வரும். அதன் உச்சி வரும் நேரம்தான் வெற்று நேரம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கொஞ்சம் காற்றைச் செலுத்தி நைட்ரஜனின் நிறை எண் 28-ஐப் பார்க்கலாம். வெப்பக் கடத்தல் டிடெக்டருக்கும் காற்றே போதும்.

நிரலின் நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, வெற்று நேரத்தை வினாடியில் எழுதி வகுத்தால் சராசரி வேகம். 3000-ஐ 110-ஆல் வகுத்தால் 27. கருவி காட்டும் வேகத்தோடு இது சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனால் உங்கள் நிரல் அளவுகள் சரி, அழுத்தம் சரி, பெரிய கசிவு இல்லை. ஒத்துப்போகவில்லையா? முதலில் பதிந்த அளவுகளைப் பாருங்கள். அடுத்து செப்டம், ஃபெரூல் (நிரலை இறுக்கிப் பிடிக்கும் வளையம்), நிரலின் இணைப்புகள். கசிவு தேடச் சோப்புநீர் பூச வேண்டாம். அது உள்ளே இழுக்கப்பட்டு மாதக்கணக்கில் மாசாக வந்துகொண்டிருக்கும். மின்னணுக் கசிவு காணும் கருவி ஒன்று ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

பீக் வால் நீட்டினால் அது வேறு செய்தி. மீத்தேன் எங்கும் ஒட்டாத பொருள். அதற்கே வால் இருக்கிறது என்றால் நிரலின் முனை சரியாக வெட்டப்படவில்லை, அல்லது மாதிரியைச் செலுத்தும் வாயான இன்லெட்டிலோ டிடெக்டரிலோ நிரல் சரியான ஆழத்தில் பொருந்தவில்லை. மாதிரியைச் செலுத்துவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது!

ஆறாம் படி: இன்லெட்டின் கணக்கு

நிரலின் பாய்வு முடிவான பிறகே ஸ்பிளிட்டைத் தொடுங்கள். நிரலில் 1 மி.லி., விகிதம் 50-க்கு 1 என்றால் வெளியேறுவது 50. செப்டம் பர்ஜுக்கு 3 சேர்த்தால் மொத்தம் 54 மி.லி. நிரலின் பாய்வை மாற்றினால் விகிதத்தைக் கருவி காப்பாற்றும்படி அமைத்திருக்கிறீர்களா, அல்லது வெளியேறும் அளவை நிலையாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் ஒவ்வொரு முறை பாய்வை மாற்றும்போதும் பீக் உயரமும் மாறும்.

செலுத்தும் நேரத்தில் ஸ்பிளிட் வாயை மூடிவைக்கும் ஸ்பிளிட்லெஸ் முறையில் பாய்வின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. லைனரின் கொள்ளளவு 1 மி.லி. அளவு இருக்கும். அதில் ஆவியான மாதிரியை நிரலுக்குள் தள்ளிவிடும் வேலையை நிரலின் மெல்லிய பாய்வு மட்டுமே செய்கிறது. 1 மி.லி. ஓடினால் ஒருமுறை துடைத்தெடுக்கவே ஒரு நிமிடத்தை ஒட்டி ஆகும். 0.4 மி.லி. நைட்ரஜனில் அது இரண்டு நிமிடத்தைத் தாண்டும். அதற்குள் மாதிரியின் ஒரு பகுதி சிதைந்தோ வேறிடத்தில் படிந்தோ போகலாம். செலுத்தும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தை உயர்த்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஸ்பிளிட் மூடியிருக்கும் நேரம் போதுமா என்று சோதிப்பது எளிது. அரை நிமிடம், முக்கால், ஒன்று, ஒன்றரை என்று கூட்டிக்கொண்டே போங்கள். பீக்கின் பரப்பளவு எங்கே கூடுவதை நிறுத்துகிறதோ அதுவே உங்கள் நேரம்.

தலைப்பு அழுத்தம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. இன்லெட் 250 டிகிரியிலும் அழுத்தம் 100 கிலோபாஸ்கலிலும் இருக்கும்போது 1 மைக்ரோலிட்டர் ஹெக்சேன் சுமார் 165 மைக்ரோலிட்டர் ஆவியாக விரிகிறது; லைனர் தாங்கும். 1 மைக்ரோலிட்டர் தண்ணீர் 1.2 மி.லி. ஆவியாக விரிகிறது, லைனர் வழிந்துவிடும்.

ஏழாம் படி: டிடெக்டர் என்ன சொல்கிறது?

எஃப்.ஐ.டி.க்குப் பொதுவாக ஹைட்ரஜன் 30 முதல் 40 மி.லி., காற்று 300 முதல் 400, நிரலின் மெல்லிய பாய்வுக்குத் துணையாக டிடெக்டரில் சேர்க்கும் மேக்கப் வாயுவாக நைட்ரஜன் 25 முதல் 30. காற்று ஹைட்ரஜனைப் போல் பத்து மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கேரியர் வாயுவாகவே ஹைட்ரஜனை ஓட்டினால், நிரலிலிருந்து வரும் ஹைட்ரஜனை எரிபொருள் கணக்கில் கழித்துவிடுங்கள். 0.25 மி.மீ. நிரலில் இது பெரிதில்லை, 0.53-இல் தெரியும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் பம்பு எவ்வளவு வாயுவைத் தாங்கும் என்பதே முதல் கேள்வி. பல கருவிகளில் 1 முதல் 1.5 மி.லி. பாதுகாப்பான எல்லை. வலுவான பம்பு இருந்தால் கூடுதலாகப் போகலாம், உங்கள் கருவியின் கையேட்டைப் பாருங்கள். 0.53 மி.மீ. நிரலை நேரடியாக இணைக்க வேண்டாம்.

இங்கே பலர் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நிரலின் மறுமுனை வெற்றிடத்தில் இருந்தால், அதே 1.0 மி.லி. ஹீலியம் வினாடிக்கு 27 செ.மீ. அல்ல, 37 செ.மீ. வேகத்தில் ஓடும். வெற்று நேரம் 1.83 நிமிடத்திலிருந்து 1.35 நிமிடமாகக் குறையும். எஃப்.ஐ.டி.யில் உருவாக்கிய முறையை அப்படியே மாஸ் கருவிக்கு எடுத்துப் போனவர்கள், பீக்குகள் எல்லாம் முன்னால் வருவதைக் கண்டு திகைப்பது இதனால்தான். கருவியின் அமைப்பில் 'வெற்றிடம்' என்று மாற்ற மறந்தால், நீங்கள் 1.0 கேட்க 1.3-க்கு மேல் ஓடும்.

எட்டாம் படி: ஓவன் சூடேறும்போது

சூடேறினால் திரவங்கள் இளகும். வாயுக்கள் நேர்மாறானவை, சூடேற ஏற அவற்றின் பிசுபிசுப்பு கூடும். எனவே அழுத்தத்தை மாற்றாமல் வைத்து ஓவனை 100 டிகிரியிலிருந்து 300-க்கு ஏற்றினால், 1.0 மி.லி. ஓடிய இடத்தில் கடைசியில் ஏறக்குறைய பாதிதான் ஓடும். கடைசிப் பீக்குகள் தாமதமாகி அகலமாகும். பாய்வு நிலையாக இருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் கருவி அழுத்தத்தை 100 கிலோபாஸ்கலிலிருந்து சுமார் 170-க்குத் தானே உயர்த்திக்கொள்ளும். புதிதாக முறை உருவாக்குபவர்கள் நிலைப் பாய்வையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. பழைய முறையை அப்படியே திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் மட்டும் நிலை அழுத்தம். சிலிண்டர் ரெகுலேட்டரின் அழுத்தம், ஓட்டத்தின் முடிவில் தேவைப்படும் உச்ச அழுத்தத்தைவிடக் குறைந்தது 100 கிலோபாஸ்கல் கூடுதலாக இருக்கட்டும்.

வெப்பநிலையை என்ன வேகத்தில் ஏற்றுவது? வெற்று நேரத்துக்கு 10 டிகிரி என்பது நம்பகமான தொடக்கம். வெற்று நேரம் 1.83 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு ஐந்தரை டிகிரி.

ஒன்பதாம் படி: உங்கள் மாதிரிக்கு எது உகந்தது?

இதுவரை வந்தவை பொது எண்கள். உங்கள் மாதிரியில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த இரண்டு பீக்குகளுக்கு எது சரி என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரைநாள் வேலை. ஓவனை ஒரே வெப்பநிலையில் வைத்து, ஹீலியம் என்றால் 20, 25, 30, 35, 40, 50 செ.மீ. என்று ஆறு வேகங்களில் ஒரே கரைசலைச் செலுத்துங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பீக்கின் தங்கு நேரத்தை (செலுத்தியதிலிருந்து உச்சி வரும் வரை ஆகும் நேரம்), அதன் பாதி உயரத்தில் உள்ள அகலத்தால் வகுத்து, வந்த எண்ணை வர்க்கப்படுத்தி, 5.54-ஆல் பெருக்குங்கள். அதுவே தட்டு எண்ணிக்கை, நிரல் எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பதற்கான அளவுகோல். தங்கு நேரம் 6.00 நிமிடம், பாதி உயர அகலம் 0.045 நிமிடம் என்றால் ஏறத்தாழ 98,500 தட்டுகள். 30 மீட்டர் நிரலுக்கு அது நல்ல எண். நிரலின் நீளத்தைத் தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் தட்டு உயரம், இங்கே 0.3 மி.மீ.

தட்டு உயரத்தை வேகத்துக்கு எதிராகக் கையாலேயே ஒரு தாளில் வரையுங்கள். பள்ளம் கண்ணில் படும். அதன் அடியிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உங்கள் வேகத்தை வையுங்கள். இரண்டு பீக்குகளும் நன்றாகப் பிரிந்து இடம் மீதமிருந்தால் இன்னும் வலப்பக்கம் போங்கள், நேரம் மிச்சம். பிரியவே இல்லையென்றால் பாய்வை மேலும் நோண்டிப் பயனில்லை. பிரிதிறன் தட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாய்வை எவ்வளவு திருத்தினாலும் ஓரளவுக்கு மேல் கிடைக்காது. வெப்பநிலையையோ உட்பூச்சின் வகையையோ மாற்றுங்கள்.

ஹீலியத்திலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறும்போது

வாயுவை மாற்றிவிட்டு வெப்பநிலை ஏற்றத்தை அப்படியே விட்டால் பீக்குகளின் வரிசையே மாறக்கூடும். வெற்று நேரங்களின் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீலியத்தில் 1.83 நிமிடம், ஹைட்ரஜனை வினாடிக்கு 40 செ.மீ. ஓட்டினால் 1.25 நிமிடம். விகிதம் 1.46. ஏற்ற வேகத்தை 1.46-ஆல் பெருக்குங்கள், நிமிடத்துக்கு 10 டிகிரி என்றிருந்தது 14.6 ஆகும். ஒரே வெப்பநிலையில் நிறுத்தும் நேரங்களை எல்லாம் 1.46-ஆல் வகுங்கள். பீக்குகள் அதே வரிசையில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில் வரும். மாஸ் கருவியில் ஹைட்ரஜன் சும்மா இருக்காது, சில பொருள்களோடு வினைபுரியும். டைகுளோரோமீத்தேன் போன்ற குளோரின் கரைப்பான்களோடு சூடான இன்லெட்டில் ஹைட்ரஜன் குளோரைடை உண்டாக்கும். அங்கே கரைப்பானையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

தங்கு நேரம் நகர்ந்தால்

முறை உருவாகி மாதங்கள் கழித்து ஒருநாள் பீக்குகள் இடம் மாறும். உடனே எதையும் கழற்ற வேண்டாம். மீத்தேனைச் செலுத்துங்கள். வெற்று நேரமும் மற்ற பீக்குகளும் ஒரே விகிதத்தில் நகர்ந்திருந்தால் சிக்கல் பாய்வில் இருக்கிறது: கசிவு, வடிந்துகொண்டிருக்கும் சிலிண்டர், அடைபட்ட முனை, வெட்டிய பின் மாற்றாத நீளம். வெற்று நேரம் அப்படியே இருந்து மற்றவை மட்டும் நகர்ந்திருந்தால் பாய்வைத் தொடாதீர்கள். ஓவன் வெப்பநிலையையும் உட்பூச்சின் தேய்மானத்தையும் பாருங்கள்.

இதற்கெல்லாம் பழைய வெற்று நேரம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நிரலைப் பொருத்திய அன்றே பதிவேட்டில் எழுதுங்கள்: நிரலின் எண், உண்மையான நீளம், வாயு, ஓவன் வெப்பநிலை, தலைப்பு அழுத்தம், திரை காட்டிய பாய்வு, மீத்தேனின் வெற்று நேரம், நாள். செப்டம் மாற்றும்போதும் நிரலை வெட்டும்போதும் சிலிண்டர் மாற்றும்போதும் மீண்டும் ஒருமுறை மீத்தேனைச் செலுத்தி, அடுத்த வரியில் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.